ஒரே பெயர், வேறு வேறு வேலை: ஐரோப்பாவில் தொழில்களை எப்படி ஒப்பிடுகிறார்கள்?

ஜெர்மனிக்கு நர்ஸ் தேவை, போலந்துக்கு லாரி டிரைவர் தேவை என்று வாட்ஸாப்பில் சுற்றும் விளம்பரங்களில் இப்போது சில புதுச் சொற்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. “ஐரோப்பிய ஒன்றிய அங்கீகாரம் உள்ள படிப்பு”, “லெவல் 6 தகுதி”, “எஸ்கோ பட்டியலில் உள்ள தொழில்”. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால் மூன்றும் ஒரே விஷயம் என்று படிப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. உண்மையில் இவை மூன்று தனித்தனி ஏற்பாடுகள். நடத்துபவர்களும் வேறு, பயன்களும் வேறு. குழப்பம் எல்லாம் இவற்றைக் கலந்துவிடுவதில்தான் தொடங்குகிறது.

## மூன்று கேள்விகள்

ஒரு நாட்டு எலக்ட்ரீஷியனை இன்னொரு நாட்டு எலக்ட்ரீஷியனோடு ஒப்பிடும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம்.

1. அவர் அன்றாடம் செய்கிற வேலை என்ன? இதற்குப் பதில் சொல்வது தொழில் குறியீடு.
2. அவர் படித்த படிப்பு எந்த உயரத்தில் இருக்கிறது? இதற்குத் தகுதி நிலை.
3. அந்த வேலையை, அந்தப் பெயரில், அந்த நாட்டில் செய்ய அவருக்குச் சட்டம் அனுமதி தருகிறதா? இதற்குப் பதில் அந்தந்த நாட்டுச் சட்டத்திலும், அதற்கு மேலே நிற்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திலும் இருக்கிறது.

முதல் இரண்டிலும் பாஸாகி மூன்றாவதில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அதனால் வரிசையாகவே போவோம்.

## தொழில் குறியீடு

உலகத் தொழில்களை வகைப்படுத்தும் பட்டியலுக்கு ஐஸ்கோ என்று பெயர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதைப் பராமரிக்கிறது. முதல் பதிப்பு 1958, பிறகு 1968, 1988. இப்போது புழக்கத்தில் இருப்பது 2008-ம் ஆண்டுப் பதிப்பு. இதில் 10 பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் 43, அவற்றுக்குள் 130, கடைசியில் 436 தொழில் தொகுதிகள். நான்கு இலக்கங்களில் எல்லாம் அடங்கிவிடும். முடிதிருத்துநரை எடுத்துக்கொள்ளுங்கள்: 5 என்றால் சேவை மற்றும் விற்பனை, 51 தனிநபர் சேவை, 514 முடி மற்றும் அழகுக்கலை, 5141 முடிதிருத்துநர். இந்தியாவின் தேசியத் தொழில் வகைப்பாடும் (2015-ம் ஆண்டுப் பதிப்பு) இதே ஐஸ்கோவை அடிப்படையாக வைத்துக் கட்டியதுதான். அதனால் இங்கே உள்ள ஒரு குறியீட்டிலிருந்து ஐரோப்பியக் குறியீட்டுக்குப் போவது ஓரளவு சுலபம்.

ஐஸ்கோவில் திறன் நிலை என்று ஒன்று உண்டு, 1 முதல் 4 வரை. சுமை தூக்குவது போன்ற எளிய வேலைகளுக்கு 1. எழுத்தர், கடைக்காரர், கைவினைஞர், ஓட்டுநர் எல்லாம் 2. தொழில்நுட்பப் பணியாளர்கள் 3. டாக்டர், ஆசிரியர், என்ஜினியர் வகையறா 4. இந்த எண் வேலைக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எம்.ஏ. படித்தவர் ஆட்டோ ஓட்டினால் ஐஸ்கோவுக்கு அவர் ஓட்டுநர்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. நர்ஸிடம் வரும்போது சிக்கிக்கொள்கிறது. ஐஸ்கோவில் நர்ஸுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன: 2221 (திறன் நிலை 4), 3221 (திறன் நிலை 3). யாரை எங்கே போடுவது? செய்கிற வேலையின் தன்மையைப் பார்த்துப் போடு, அந்த நாட்டில் என்ன படிப்பு வழக்கம் என்பதைப் பார்க்காதே என்று ஐஸ்கோவின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. ஆனால் ஒரு புள்ளிவிவர அதிகாரி மேசையில் உட்கார்ந்துகொண்டு லட்சக்கணக்கான நர்ஸுகளின் வேலையை எப்படிப் பார்க்க முடியும்? படிப்பைப் பார்த்து முடிவு செய்யும் ஆசை வரத்தான் செய்யும். ஆகவே “இந்த நாட்டில் இத்தனை பேர் உயர்திறன் நர்ஸுகள், அந்த நாட்டில் இவ்வளவு குறைவு” என்று வரும் ஒப்பீட்டு அட்டவணைகளைப் படிக்கும்போது, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு வார்டில் இருக்கிறது, எவ்வளவு குறியீடு போடும் மேசையில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தக் குறியீடு வேறு இருக்கிறது. பிரான்சின் வேலைவாய்ப்பு அலுவலகம் ரோம் என்ற பட்டியலை வைத்திருக்கிறது (அந்த நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிரெஞ்சுப் பெயரின் முதல் எழுத்துகள்). அதில் பொது நர்ஸ் வேலை ஜே1506. ஜெர்மனியின் குறியீட்டில் ஐந்து இலக்கங்கள். அதன் கடைசி இலக்கம்தான் முக்கியம்: 1 என்றால் உதவியாளர், 2 தொழிற்பயிற்சி முடித்தவர் செய்யும் வேலை, 3 சிறப்புப் பயிற்சி தேவைப்படும் வேலை, 4 நீண்ட பட்டப்படிப்பு தேவைப்படும் வேலை. மருத்துவமனை நர்ஸ் 81302. நர்ஸுக்கு உதவியாளர் 81301. ஜெர்மனியிலிருந்து ஒரு வேலை ஒப்பந்தம் வந்து, அதில் குறியீடு போட்டிருந்தால், மற்றதைப் படிப்பதற்கு முன் அந்தக் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்.

## எஸ்கோ: எல்லா நாட்டுக்கும் ஒரே பட்டியல்

ஐஸ்கோவின் 436 தொகுதிகள் வேலை தேடுபவருக்குப் போதாது. “5141” என்றால் ஆளை வேலைக்கு எடுக்கிறவருக்கு என்ன தெரியும்? அதனால் ஐரோப்பிய ஆணையம் அதன்மேல் இன்னொரு தளம் கட்டியது. அதுதான் எஸ்கோ. முழு அளவிலான முதல் பதிப்பு 2017-ல் வந்தது: 2,942 தொழில்கள், 13,485 திறன்கள். 2024-ல் வந்த 1.2 பதிப்பில் 3,039 தொழில்கள். ஒன்றியத்தின் 24 மொழிகளோடு ஐஸ்லாந்திய மொழி, நார்வேஜிய மொழி, அரபு, உக்ரைனிய மொழி என்று 28 மொழிகளில் கிடைக்கிறது. ஒரு போர்ச்சுகீசியர் தன் திறன்களை எஸ்கோ சொற்களில் குறித்துவைத்தால், ஃபின்லாந்தில் இருக்கும் வேலை அறிவிப்போடு கணினி பொருத்திப் பார்க்கலாம். அதுதான் நோக்கம். ஐரோப்பிய வேலைவாய்ப்பு வலைப்பின்னலான யூரெஸுக்கான 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒன்றிய நாடுகள் தங்கள் சொந்தப் பட்டியலை எஸ்கோவோடு இணைக்க வேண்டும், அல்லது எஸ்கோவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு தொழிலின் கீழும் திறன்கள் இரண்டு கட்டாக இருக்கும். “அவசியமானவை” என்று ஒரு கட்டு, “விருப்பமானவை” என்று இன்னொரு கட்டு. எஸ்கோவின் சொந்த விளக்கப்படி, அவசியமானவை எந்த இடத்திலும் பொதுவாகத் தேவைப்படுபவை. முதலாளி, வேலைச்சூழல், நாடு இவற்றைப் பொறுத்து மாறுபவை எல்லாம் விருப்பக் கட்டுக்குள் போய்விடும்.

என் மனத்தாங்கல் இங்கேதான். நாடுகளை ஒப்பிட விரும்புகிறவருக்கு வேண்டியது அந்த மாறுபாடுதானே? நாட்டுக்கு நாடு எது மாறுகிறதோ, அதை எல்லாம் ஒரே கோணியில் கொட்டி வாயைக் கட்டி, மேலே “விருப்பம்” என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். எந்த நாட்டில் எது தேவை என்று அதில் எழுதவில்லை. எந்த அளவுக்குத் தேவை என்றும் இல்லை. அமெரிக்காவின் ஓநெட் என்ற தொழில் தரவுத்தளம் ஒவ்வொரு திறனுக்கும் முக்கியத்துவம் எவ்வளவு, தேர்ச்சி எவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறது, எஸ்கோ போடுவதில்லை. எஸ்கோ ஒரு நல்ல அகராதி. 28 மொழிகளில் “ஊசி போடுதல்” என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ள வைத்ததே பெரிய காரியம். ஆனால் அகராதியைக் காட்டி “உங்கள் தொழில் இதில் இருக்கிறது, ஆகவே ஐரோப்பாவில் அங்கீகாரம் உண்டு” என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அதற்கு அர்த்தமே இல்லை. மூவாயிரம் தொழில்கள் இருக்கிற பட்டியலில் எந்தத் தொழில்தான் இல்லை?

## லெவல் என்பது என்ன லெவல்?

படிப்பை ஒப்பிட ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் என்று ஒன்று 2008-ல் வந்தது, 2017-ல் திருத்தப்பட்டது. மொத்தம் 8 நிலைகள். இளநிலைப் பட்டம் 6, முதுநிலை 7, முனைவர் 8. ஒவ்வொரு நாடும் தன் சொந்தத் தகுதிச் சட்டகத்தை இந்த எட்டோடு பொருத்திக் காட்டும். இந்தப் பொருத்தலில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

1. எண்கள் ஒன்றல்ல. அயர்லாந்தின் சொந்தச் சட்டகத்தில் 10 நிலைகள். அங்கே நர்ஸிங் ஹானர்ஸ் பட்டம் நிலை 8. ஐரோப்பியக் கணக்கில் அது நிலை 6. “லெவல் 8” என்று பார்த்துவிட்டு முனைவர் பட்டம் என்று நினைத்தால் முடிந்தது கதை. பிரான்சில் 2019 வரை எண்வரிசையே தலைகீழாக இருந்தது: ஒன்றாம் நிலைதான் மிக உயர்ந்தது, ஐந்தாம் நிலை என்பது அடிப்படைத் தொழிற்சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இப்போது நிலை 3. பழைய பிரெஞ்சுக் காகிதத்தையும் புதிய காகிதத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே படிப்பு ஐந்தாகவும் மூன்றாகவும் தெரியும்.

2. நிலை ஒன்றாக இருந்தால் படிப்பு ஒன்று என்று அர்த்தமில்லை. ஜெர்மனியில் மைஸ்டர் என்ற கைத்தொழில் ஆசான் பட்டம் நிலை 6-ல் இருக்கிறது, அதாவது இளநிலைப் பட்டத்தின் பக்கத்து நாற்காலியில். 2020 முதல் மைஸ்டர் முடித்தவர் “பேச்சிலர் புரொஃபெஷனல்” என்றும் போட்டுக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்கள் இதற்கு முகம் சுளித்தன. ஒரு விதத்தில் இரண்டு பக்கமும் சரி: ஒரு கொத்தனார் மைஸ்டர் தன் தொழிலில், கணக்கில், சிஷ்யர்களைப் பயிற்றுவதில் காட்டும் பொறுப்பு பட்டதாரிக்குக் குறைந்ததில்லை, ஆனால் அவர் படித்தது வேறு.

3. நிலை என்பது வெறும் தகவல். அதை வைத்து யாரும் எந்த உரிமையும் கேட்க முடியாது. இதை விளம்பரங்களில் யாரும் சொல்வதில்லை.

## உரிமை: சட்டம் எங்கே நுழைகிறது

சில வேலைகளை யார் வேண்டுமானாலும் செய்யலாம், முதலாளி ஒப்புக்கொண்டால் போதும். சாஃப்ட்வேர் எழுதுவது அப்படி. சில வேலைகளைக் குறிப்பிட்ட தகுதி இல்லாமல் செய்தால் சட்டப்படி குற்றம். இரண்டாவது வகைக்கு “ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்” என்று பெயர். எது இந்த வகை என்பதை அந்தந்த நாடே முடிவு செய்கிறது.

நாட்டுக்கு நாடு இந்தப் பட்டியல் இப்படி மாறினால் ஒன்றியத்துக்குள் ஆட்கள் எப்படிப் போய்வருவார்கள்? அதற்காக வந்ததுதான் 2005/36 என்ற எண்ணுள்ள ஒன்றியச் சட்டம், 2013-ல் பெரிய திருத்தத்தோடு. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் இதில் உண்டு. சுவிட்சர்லாந்து தனி ஒப்பந்தம் மூலம் இதைப் பின்பற்றுகிறது. பிரிட்டன் 2021 முதல் வெளியே. இதில் மூன்று வழிகள் இருக்கின்றன.

1. தானாக அங்கீகாரம். ஏழு தொழில்களுக்கு மட்டும்: டாக்டர், பல் டாக்டர், பொது நர்ஸ், மகப்பேற்றுச் செவிலி, மருந்தாளர், கால்நடை மருத்துவர், கட்டடக் கலைஞர். இவற்றுக்குக் குறைந்தபட்சப் படிப்பு என்ன என்று சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்தின் பின்னிணைப்பில் உங்கள் பட்டத்தின் பெயர் இருந்தால், பாடத்திட்டத்தை யாரும் தோண்டிப் பார்க்க முடியாது.

2. அனுபவத்தின் பேரில் அங்கீகாரம். கைத்தொழில், வியாபாரம் போன்றவற்றுக்கு. உதாரணமாக, சில தொழில்களில் ஆறு வருடம் தொடர்ந்து சொந்தமாக நடத்தியிருந்தால் போதும்.

3. பொது முறை. மற்ற எல்லாருக்கும். இரண்டு நாட்டுப் படிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரு தேர்வு, அல்லது அதிகபட்சம் மூன்று வருட மேற்பார்வைப் பணி. எது வேண்டும் என்று பெரும்பாலும் விண்ணப்பதாரரே தேர்ந்தெடுக்கலாம்.

## நர்ஸ்: ஒரே சான்றிதழ், இரண்டு வார்டுகள்

பொது நர்ஸுக்கு ஒன்றியச் சட்டம் கேட்பது குறைந்தது 3 வருடம், 4,600 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்காவது வகுப்பறை, பாதியாவது நோயாளிகள் பக்கத்தில். சேருவதற்கு முன் 12 வருடப் பள்ளிப்படிப்பு வேண்டும், பல்கலைக்கழக வழியாக இருந்தால்; தொழிற்பள்ளி வழியாக இருந்தால் 10 வருடம் போதும். இந்த “10 அல்லது 12” என்பது 2013 திருத்தத்தின்போது நடந்த சமரசம். எல்லாரும் 12 என்று ஆக்கிவிடலாம் என்று முயன்றபோது ஜெர்மனி உள்ளிட்ட சிலர் இணங்கவில்லை.

ஏன் இணங்கவில்லை என்பது புரிய ஜெர்மன் முறையைப் பார்க்க வேண்டும். அங்கே நர்ஸாக ஆக வழக்கமான வழி கல்லூரி இல்லை. மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டு, மாதாமாதம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு மூன்று வருடம் பயிற்சி. 2020-ல் வந்த புதிய சட்டம் வகுப்பறைக்கு 2,100 மணி, களத்துக்கு 2,500 மணி என்று பிரித்திருக்கிறது. கூட்டிப் பாருங்கள், மிகச் சரியாக 4,600. ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஸ்பெயினில் இதே தொழிலுக்கு நான்கு வருடப் பல்கலைக்கழகப் பட்டம். இத்தாலியில் மூன்று வருடப் பட்டம். ஜெர்மன் மொழியே பேசும் ஆஸ்திரியாகூட 2016-ல் தொடங்கிப் படிப்படியாக நர்ஸிங்கைப் பட்டப்படிப்புக்கு நகர்த்திவிட்டது.

சட்டத்தின் கண்ணில் இவர்கள் எல்லாரும் ஒன்று. வார்டில் ஒன்றில்லை.

2010-ஐ ஒட்டிய வருடங்களில் ஸ்பெயினில் வேலை இல்லாமல் போனபோது நிறைய ஸ்பானிய நர்ஸுகள் ஜெர்மனிக்குப் போனார்கள். பட்டம் தானாகவே அங்கீகரிக்கப்பட்டது. மொழிதான் தடை என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் போனவர்களில் பலர் முதல் சில வாரங்களிலேயே மனம் உடைந்தது வேறு காரணத்தால். ஸ்பெயினில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது பெரும்பாலும் நர்ஸ் உதவியாளரின் வேலை. நரம்பில் ஊசி ஏற்றுவது, ரத்தம் எடுப்பது, காயத்துக்குச் சிகிச்சை செய்வது நர்ஸின் வேலை. ஜெர்மன் வார்டில் காலை ஷிஃப்டில் சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு போவது தகுதி பெற்ற நர்ஸ்தான். நரம்பூசியும் ரத்தமும் அடிப்படையில் டாக்டரின் பொறுப்பு, அவர் ஒப்படைத்தால்தான் நர்ஸ் செய்யலாம். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தவர் “என்னை உதவியாளராகப் பதவியிறக்கிவிட்டார்கள்” என்று நினைக்கிறார். பக்கத்தில் இருக்கும் ஜெர்மன் நர்ஸோ, “குளிப்பாட்டும்போதுதான் தோலில் புண் வருகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று பார்க்க முடியும், இது நர்ஸ் வேலை இல்லையா?” என்று கேட்கிறார். இரண்டு பேரும் தங்கள் தொழிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தத் தொழிலின் பெயர்தான் ஒன்று.

நம் ஊர் நர்ஸுக்கும் இதே அதிர்ச்சி காத்திருக்கிறது. தமிழ்நாட்டு மருத்துவமனையில் துடைப்பது, ஊட்டுவது எல்லாம் கூட இருக்கும் உறவினரோ ஆயாவோ பார்த்துக்கொள்வார்கள். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் குத்தும் சிறு குழாய்) போடுவது நர்ஸுக்குக் கை வந்த கலை. ஜெர்மனியில் முதல் வேலை நாளில் அந்தக் கலைக்கு வேலை இருக்காது.

தானாக அங்கீகாரம் என்பதுகூட எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்ததில்லை. போலந்திலும் ருமேனியாவிலும் பழைய முறையில் படித்த நர்ஸுகளின் படிப்பு இந்தக் குறைந்தபட்சத்தை எட்டவில்லை என்று சொல்லி, அவர்களுக்காகச் சட்டத்தில் தனி விதிகள் எழுதினார்கள். ருமேனிய நர்ஸுகளுக்காக 2024-ல் மறுபடியும் ஒரு திருத்தம் வந்தது. ஒன்றியத்துக்குள் இருப்பவருக்கே இவ்வளவு.

## என்ஜினியர் யார்?

பிரிட்டனில் வாஷிங் மெஷினைப் பழுதுபார்க்க வருகிறவர் தன்னை என்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே அந்தச் சொல்லுக்குக் காவல் இல்லை, “சார்ட்டர்ட் என்ஜினியர்” என்பதற்குத்தான் உண்டு. ஜெர்மனியில் அந்தச் சொல்லையே மாநிலச் சட்டங்கள் பாதுகாக்கின்றன, உரிய படிப்பு இல்லாமல் அட்டையில் அச்சடித்தால் வம்பு. இத்தாலியில் படிப்போடு அரசுத் தேர்வும் எழுதிப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும், மூன்று வருடம் படித்தவருக்கு “ஜூனியர் என்ஜினியர்” என்று தனிப் பிரிவே உண்டு.

பெயர் இருக்கட்டும், வேலையின் எல்லையே மாறினால்? இதற்கு ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. இத்தாலியில் நீரியல் சார்ந்த சிவில் என்ஜினியரிங் படித்த ஒருவர் ஸ்பெயினில் வேலை செய்யக் கேட்டார். ஸ்பெயினில் அதற்கு நேரான தொழிலின் பெயரே “சாலை, கால்வாய், துறைமுகப் பொறியாளர்”. அணை, சாலை, துறைமுகம், கடற்கரைப் பாதுகாப்பு எல்லாம் ஒரே ஆளின் தொழில். ஸ்பானியப் பொறியாளர் சங்கம் எதிர்த்தது: இவர் நீர் மட்டும் படித்திருக்கிறார், எங்கள் தொழிலில் எப்படி நுழையலாம்? லக்சம்பர்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் 2006 ஜனவரியில் சொன்ன பதில், முழுத் தொழில் வேண்டாம், அவர் படித்த பகுதியை மட்டும் செய்ய விடலாம். இதற்குப் “பகுதி அனுமதி” என்று பெயர் வந்தது, 2013 திருத்தத்தில் சட்டத்துக்குள்ளும் ஏறிவிட்டது. இரண்டு நாட்டுத் தொழில்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை, ஓரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை ஒரு நீதிமன்றமே ஒப்புக்கொண்ட இடம் இது.

## கத்தரிக்கோலும் ஆர்கனும்

ஜெர்மனியில் முடிவெட்டும் பயிற்சி முடித்தவர் சலூனில் வேலைக்குச் சேரலாம். சொந்தக் கடை வைக்க மைஸ்டர் வேண்டும், அல்லது மைஸ்டர் ஒருவரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும் (நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு). பிரிட்டனில் 1964-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் சேருவது அவரவர் விருப்பம். நாளைக் காலையே யாரும் கடை திறக்கலாம்.

ஜெர்மனியே இதில் முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. 2004-ல் 94 கைத்தொழில்களில் 53-க்கு மைஸ்டர் கட்டாயத்தை நீக்கினார்கள். 2020-ல் அவற்றில் 12-க்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்: உதாரணமாக டைல்ஸ் ஒட்டுபவர், பார்க்கெட் என்ற மரத்தரை போடுபவர், அப்புறம் தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கன் என்ற இசைக்கருவி செய்பவர். டைல்ஸுக்குப் பாதுகாப்பைக் காரணம் சொன்னார்கள், ஆர்கனுக்குப் பண்பாட்டை. திறன் தேவை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு திறனிலிருந்து வருகிறது, எவ்வளவு சங்கங்களின் பலத்திலிருந்து வருகிறது என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. டைல்ஸ் ஒட்டத் தேவையான திறன் 2004-லிருந்து 2020-க்குள் மாறிவிடவில்லை.

எல்லாமே இப்படி நாட்டுக்கு நாடு மாறும் என்றும் இல்லை. லாரி, பஸ் டிரைவர்களுக்கு ஒன்றியம் முழுக்க ஒரே விதி: லைசென்ஸோடு தொழில்முறைத் தகுதியும் வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம் மறுபயிற்சி. லைசென்ஸ் அட்டையில் 95 என்ற எண் இருந்தால் அது இருக்கிறது என்று அர்த்தம். லாரி தினமும் எல்லை தாண்டுகிறது, டைல்ஸ்காரர் தாண்டுவதில்லை. ஒத்துப்போக வேண்டிய அவசியம் இருந்த இடத்தில் ஒத்துப்போய்விட்டார்கள்.

## இங்கிருந்து போகிறவருக்கு

மேலே சொன்ன தானியங்கி அங்கீகாரம் ஒன்றியத்துக்குள் வாங்கிய பட்டங்களுக்கு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய பட்டத்துக்கு அது கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் விதிப்படி பார்க்கும். ஜெர்மனியை வைத்தே சொன்னால்:

1. உங்கள் தொழில் அங்கே ஒழுங்குபடுத்தப்பட்டதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால், 2024 மார்ச் முதல் வழி அகலமாகிவிட்டது: சொந்த நாட்டில் அரசு அங்கீகாரம் பெற்ற, குறைந்தது இரண்டு வருடப் படிப்பு, சமீபத்திய இரண்டு வருட அனுபவம், சட்டம் சொல்லும் அளவுக்குச் சம்பளம் இவை இருந்தால் ஜெர்மன் அங்கீகாரம் இல்லாமலே வேலைக்குப் போகலாம்.

2. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்வதற்கு மைஸ்டர் தேவையில்லை, தனியாகக் கம்பெனி வைக்கத்தான் தேவை. ஆனால் மின்வேலைப் பாதுகாப்பு விதிப்படி தகுதி பெற்ற மின்பணியாளர்தான் பெட்டியைத் திறக்கலாம், அல்லது அப்படிப்பட்டவரின் மேற்பார்வையில் செய்யலாம். ஜெர்மன் பயிற்சி மூன்றரை வருடம், நம் ஐ.டி.ஐ. இரண்டு வருடம். அந்த இடைவெளியை எப்படி நிரப்பப்போகிறார்கள் என்பதை வேலைக்கு எடுக்கிறவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

3. நர்ஸுக்கு அங்கீகாரம் இல்லாமல் எதுவும் இல்லை. விண்ணப்பித்தால் பெஷைட் என்று சொல்லும் அரசு ஆணை ஒன்று வரும். அதில் உங்கள் படிப்பில் எந்தப் பாடத்தில், எந்தக் களப்பணியில் குறை என்று எழுதியிருக்கும். அதை நிரப்ப இரண்டு வழி: மேற்பார்வைப் பயிற்சி, அல்லது வாய்மொழியும் செய்முறையும் சேர்ந்த தேர்வு. முடிக்கும்வரை நீங்கள் அங்கே நர்ஸ் இல்லை, சம்பளமும் பொதுவாக உதவியாளருக்கு உள்ளதுதான். மேலே பார்த்த அந்தக் கடைசி இலக்கம் 1-லிருந்து 2 ஆவது இந்தக் குறையை நிரப்பி முழு அங்கீகாரம் வாங்கிய பிறகுதான்.

4. கல்லூரி கொடுக்கும் பாட மணிக்கணக்கு விவரம் பட்டத்தைவிட முக்கியம். 4,600-ஓடு ஒப்பிட எடுப்பது அதைத்தான். எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்று பிரித்து எழுதியிருந்தால் நல்லது. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.

5. ஒரு நாட்டில் அங்கீகாரம் கிடைத்தால் ஐரோப்பா முழுக்கக் கிடைத்துவிட்டது என்பது தவறு. ஒன்றியச் சட்டப்படி, வெளிநாட்டுப் பட்டத்தை ஒரு உறுப்பு நாடு ஏற்று, அந்த நாட்டிலேயே மூன்று வருடம் அந்தத் தொழிலைச் செய்து சான்றும் வாங்கினால், அதற்கப்புறம் அந்தப் பட்டத்தை ஐரோப்பியப் பட்டம் போலக் கருதலாம். அப்போதும் தானாக அங்கீகாரம் இல்லை, பொது முறைதான். அதுவும் அந்தச் சட்டம் முதன்மையாக ஒன்றியக் குடிமக்களுக்காக எழுதப்பட்டது. முனிச்சில் ஐந்து வருடம் நர்ஸாக இருந்த தமிழ்ப்பெண் ஒருவர் ரயிலில் நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் வியன்னாவுக்குக் குடிபோனால், அங்கே இருக்கும் அதிகாரி அவருடைய ஜெர்மன் அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். ஆனால் அதற்கு முன், தமிழ்நாட்டுக் கல்லூரி முத்திரை குத்திய அந்த மணிக்கணக்குத் தாளைக் கேட்பார்.